வெற்றிடத்தில் எதைத் துடைக்கிறார்கள்?

"டீச்சர், வெற்றிடம் என்றால் உள்ளே ஒன்றுமே இல்லைதானே? ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் எதைத் துடைக்கிறார்கள்?"

படிவம் ஐந்தில் அணுக்கரு இணைவுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். திரையில் ஓடிய காணொளியில், வெள்ளை உடுப்பும் கையுறையும் முகக்கவசமும் அணிந்த இருவர் பெரிய எஃகுக் கலம் ஒன்றுக்குள் நின்று அதன் உட்சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு சிரித்தது. எனக்கோ அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. பாடநூலில் 'பெலாகுரான் நுக்லியஸ்' என்ற தலைப்பில் சில பக்கங்களில் முடிந்துவிடும் விஷயத்தில், ஆய்வாளர்களை எழுபது ஆண்டுகளாகத் துரத்தும் ஒரு தொல்லையை அவள் சரியாகத் தொட்டுவிட்டாள். அன்று மணி அடித்துவிட்டதால் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டு அடுப்படிக்குப் போவோம். புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் அன்றைக்கே தோசை ஊற்றினால் என்ன ஆகும்? மாவு ஒட்டிக்கொள்ளும், பிய்ந்து வரும், இரும்பு வாடையும் அடிக்கும். அதனால்தான் நம் பாட்டிமார் புதுக் கல்லை முதலில் தேய்த்துக் கழுவுவார்கள், காயவைத்துச் சூடேற்றுவார்கள், எண்ணெய் தடவுவார்கள், வெங்காயத்தை வதக்கிக் கொட்டுவார்கள். இப்படிச் சில நாள் செய்த பிறகுதான் தோசை. இதைக் 'கல்லைப் பழக்குவது' என்போம். பழகிய கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அணுக்கரு இணைவு ஆய்வு செய்யும் கலத்தின் சுவரையும் இதே போலத்தான் பழக்குகிறார்கள். கழுவுதல், சூடேற்றுதல், மேலே மெல்லிய பூச்சுப் பூசுதல் என்று வரிசைகூட ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், நம் கல்லில் ஒரு தோசைதான் கெடும். அங்கே சுவர் பழகாவிட்டால் பல கோடி வெள்ளி பெறுமான இயந்திரத்தில் பிளாஸ்மாவே பற்றாது.

ஆதித்யா என்னும் சிறு சூரியன்

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், காந்திநகருக்கு அருகே பாட் என்ற ஊரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அகமதாபாத்தில் 1982இல் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கிய பணி, 1986இல் தனி நிறுவனமானது. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் பிரெதிமான் கிருஷ்ண காவ். இந்தியர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகாமாக் அங்கே 1989இல் இயங்கத் தொடங்கியது. அதன் பெயர் ஆதித்யா. பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஆதித்த கரிகாலன் நினைவுக்கு வரலாம். தவறில்லை, இரண்டுக்கும் பொருள் கதிரவன்தான்.

டோகாமாக் என்பது உளுந்து வடை வடிவத்தில் உள்ள ஒரு வெற்றிடக் கலம். வடையின் நடுத்துளையைச் சுற்றிப் பெரிய மின்காந்தங்கள் இருக்கும். உள்ளே சிறிதளவு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, மின்னோட்டத்தைப் பாய்ச்சிச் சூடேற்றுவார்கள். எலக்ட்ரான்கள் அணுவிலிருந்து பிரிந்து, வாயு பிளாஸ்மாவாகும். காந்தப்புலம் அந்தப் பிளாஸ்மாவைச் சுவரில் மோதாமல் வளையமாகப் பிடித்து வைத்திருக்கும். ஆதித்யாவில் இந்த வளையம் வடையின் மையத்திலிருந்து 75 சென்டிமீட்டர் தொலைவில் சுற்றி வரும். வளையத்தின் குறுக்கு ஆரம் 25 சென்டிமீட்டர். உள்ளே வெப்பம் பல இலட்சம் டிகிரி. ஒரு முறை பற்றவைத்தால் ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும்.

ஆதித்யா மின்சாரம் தயாரிக்கும் இயந்திரம் அல்ல. பிளாஸ்மா எப்படி நடந்துகொள்கிறது என்று கற்றுக்கொள்ளக் கட்டிய ஆய்வுக் கருவி. அங்கே ஆய்வாளர்கள் கற்ற பாடங்களில் பெரியது ஒன்று, பிளாஸ்மாவைப் பற்றி அறிய வேண்டுமானால் முதலில் சுவரைப் பற்றி அறிய வேண்டும் என்பது.

ஒரு கணக்குப் போடுவோம்

இந்தக் கட்டுரையில் நீங்கள் எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்காதீர்கள். படிவம் மூன்று மாணவர்களும் போடலாம்.

ஆதித்யாவின் பிளாஸ்மா வளையத்தின் கன அளவு வேண்டும். வடை வடிவத்துக்கான சூத்திரம் 2 × π² × R × a². R என்பது 0.75 மீட்டர், a என்பது 0.25 மீட்டர். விடை ஏறத்தாழ 0.93 கன மீட்டர். அதே வளையத்தின் மேற்பரப்புக்குச் சூத்திரம் 4 × π² × R × a. விடை ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். வீட்டின் நான்கு கதவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் பரப்பு வந்துவிடும்.

இனி, பிளாஸ்மாவில் எத்தனை துகள்கள்? இத்தகைய இயந்திரங்களில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10¹⁹ அயனிகள் இருக்கும். ஒன்றுக்குப் பின்னால் 19 சுழியம். பெரிய எண்ணாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2.5 × 10²⁵ மூலக்கூறுகள் உள்ளன. பிளாஸ்மா காற்றைவிட இருபத்தைந்து இலட்சம் மடங்கு அடர்த்தி குறைந்த, மிக மிக மெல்லிய ஒரு மூட்டம். ஆதித்யாவின் வளையம் முழுவதிலும் இருப்பவை ஏறத்தாழ 0.93 × 10¹⁹ அயனிகள்.

இப்போது சுவரைப் பாருங்கள். எந்தத் திடப்பொருளின் மேற்பரப்பிலும் ஒரு சதுர மீட்டரில் ஒரே ஓர் அடுக்காக மூலக்கூறுகளை நெருக்கி அடுக்கினால் சுமார் 10¹⁹ மூலக்கூறுகள் பிடிக்கும். ஆக, நம் 7.4 சதுர மீட்டர் சுவரில் ஒரே ஒரு மூலக்கூறு தடிப்புக்கு நீர் ஒட்டியிருந்தால், அதில் இருப்பவை 7.4 × 10¹⁹ நீர் மூலக்கூறுகள்.

வகுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத, கையால் தொட்டாலும் உணர முடியாத அந்த ஒற்றை அடுக்கு நீரில், பிளாஸ்மா முழுவதிலும் உள்ள அயனிகளைப் போல எட்டு மடங்கு மூலக்கூறுகள் இருக்கின்றன! உண்மையான கலத்தின் சுவர் இந்த வளையத்தைவிடப் பெரியது. பார்வைக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகு, அணு அளவில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் ஒட்டுவது ஓர் அடுக்கோடு நிற்பதும் இல்லை. எனவே உண்மை நிலைமை நம் கணக்கைவிட மோசம்.

அந்த மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை. அவர்கள் வெற்றிடத்தைத் துடைக்கவில்லை. வெற்றிடத்தைச் சுற்றியுள்ள சுவரைத் துடைக்கிறார்கள். அந்தச் சுவர் ஒரு கிடங்கு. உள்ளே இருக்கும் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு சரக்கு அதில் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஒன்றுமே இல்லை' என்பதும் சரியல்ல. நல்ல டோகாமாக் கலத்துக்குள் வெற்றிட எக்கிகள் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகு அழுத்தம் ஒரு பாஸ்கலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். வெளியே வளிமண்டல அழுத்தம் ஓர் இலட்சம் பாஸ்கல். அப்படி இறக்கிய பிறகும் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவில், ஏறத்தாழ 24 கோடி மூலக்கூறுகள் சுற்றிக்கொண்டிருக்கும். இயற்பியலில் வெற்றிடம் என்பது ஓர் அளவுதான், முழுமை அல்ல.

கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தால் என்ன?

ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரே ஓர் எலக்ட்ரான். சூடான பிளாஸ்மாவில் அது பிரிந்து ஓடிவிடும். மீதி இருப்பது வெறும் புரோட்டான். ஆக்சிஜனுக்கு எட்டு எலக்ட்ரான்கள், கார்பனுக்கு ஆறு, இரும்புக்கு 26. சுவரிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு பிளாஸ்மாவுக்குள் நழுவினால், வெளி எலக்ட்ரான்கள் விரைவில் பறிபோகும். உட்புறத்தில் இறுக்கமாகப் பிணைந்தவை சிறிது காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடிவரும் வேறு எலக்ட்ரான் ஒன்று மோதினால் அவை உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்குத் தாவும். பின் கீழே இறங்கும்போது அந்த ஆற்றலைப் புற ஊதாக் கதிராகவோ எக்ஸ் கதிராகவோ வீசும். காந்தப்புலம் மின்னூட்டம் உள்ள துகளைத்தான் பிடிக்கும், ஒளியைப் பிடிக்காது. கதிர் நேராகச் சுவருக்குப் போய்விடும். நாம் பாடுபட்டு ஊட்டிய வெப்பம் அதோடு போயிற்று. அந்த ஆக்சிஜன் அயனி சும்மா இருக்குமா? மறுபடி மோதல், மறுபடி தாவல், மறுபடி கதிர். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இது மிகவும் கடுமையாகத் தாக்குவது தொடக்கத்தில். பிளாஸ்மா பற்றிய முதல் கணங்களில் அதன் வெப்பம் குறைவு. அப்போது ஆக்சிஜனும் கார்பனும் பெரும்பாலான எலக்ட்ரான்களோடு இருப்பதால் கதிர்வீச்சு உச்சத்தில் இருக்கும். இந்தத் தடையைத் தாண்டினால் பிளாஸ்மா மேலே ஏறும். தாண்டாவிட்டால் ஈர விறகில் வைத்த நெருப்பு மாதிரி புகைந்து அணையும்.

இது வெறும் ஏட்டுக் கதையல்ல. 1950களில் மாஸ்கோவில் சோவியத் ஆய்வாளர்கள் கட்டிய தொடக்கக் கருவியில் கலத்தின் சுவர் பீங்கானால் ஆனது. அவர்கள் ஊட்டிய ஆற்றலில் மிகப் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே போய்விட்டது. அடுத்தடுத்த கருவிகளில் உலோகச் சுவர் வைத்தார்கள், அதைச் சூடேற்றி உலர்த்தும் வசதி செய்தார்கள். 1968இல் டி-3 என்ற டோகாமாக்கில் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரி எட்டியதாக அவர்கள் அறிவித்தபோது மேற்கு நாடுகள் நம்பவில்லை. 1969இல் பிரிட்டனிலிருந்து ஒரு குழு தங்கள் சொந்த லேசர் கருவியோடு மாஸ்கோவுக்குப் போய் அளந்து பார்த்து, உண்மைதான் என்று உறுதி செய்தது. பனிப்போர்க் காலத்தில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று உங்கள் வரலாற்று ஆசிரியரைக் கேளுங்கள். அந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் காந்தப்புலத்தைப் புகழ்வார்கள். சுவரைச் சுத்தம் செய்தவர்களைப் பற்றி அவ்வளவாக எழுத மாட்டார்கள்.

நீரை விரட்டுவது

சுவரில் ஒட்டும் பொருள்களில் மிகப் பிடிவாதமானது நீர். நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிது நேர்மின், மறுபக்கம் சிறிது எதிர்மின். அதனால் உலோக ஆக்சைடு மேற்பரப்போடும், தன் இனத்தோடும் நன்றாகப் பிணைந்துகொள்ளும். நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எக்கி எளிதாக உறிஞ்சிவிடும். நீரோ சுவரை விட்டு மெல்ல மெல்லக் கசியும், வாரக்கணக்கில் கசியும்.

நம் பெக்கோக்கில் இருப்பவர்களுக்கு ஈரப்பதத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எண்டாவ் ரொம்பின் காட்டுப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் இறங்கும் காலையில் பள்ளிச் சன்னல் கம்பியைத் தொட்டால் கை நனையும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட சீருடை மூன்றாம் நாளும் நமுத்துத்தான் இருக்கும். அதையே ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். டோகாமாக்கிலும் செய்வது அதுதான். கலத்தைச் சுற்றி வெப்பப் பட்டைகளைக் கட்டியோ, சுவருக்குள் உள்ள குழாய்களில் சூடான வாயுவை ஓட்டியோ, எக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுக் கலத்தையும் பல நாள்களுக்குச் சுடவைக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள டி-3-டி டோகாமாக்கில் 350 டிகிரி வரை ஏற்றுவார்கள். எந்த அளவுக்குச் சூடேற்றலாம் என்பதைக் கலத்தில் உள்ள ரப்பர் வளையங்களும் கண்ணாடிச் சன்னல்களும் தீர்மானிக்கும். சில இயந்திரங்களில் 150 டிகிரிக்கு மேல் போக முடியாது.

பராமரிப்புக்காகக் கலத்தைத் திறக்க வேண்டி வந்தால், வெளிக்காற்றை நேரடியாக உள்ளே விட மாட்டார்கள். உலர்ந்த நைட்ரஜனை நிரப்பிய பிறகே திறப்பார்கள். கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது. ஒரு விரல் ரேகையில் உள்ள எண்ணெயும் வியர்வையும் எத்தனை அடுக்கு மூலக்கூறுகள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைத் துடைத்துவிட்டு உட்புறத்தில் விரலை விட்டுத் தூக்கும் சில பேரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

பிளாஸ்மாவைக் கொண்டே துடைப்பது

சூடேற்றினால் நீர் போகும். ஆனால் உலோகத்தோடு வேதிப் பிணைப்புக் கொண்ட ஆக்சிஜனும் கார்பனும் போகாது. அவற்றுக்கு வேறு மருந்து வேண்டும்.

குழல் விளக்கு எப்படி எரிகிறது என்று நினைவிருக்கிறதா? குறைந்த அழுத்தத்தில் உள்ள வாயுவின் வழியே மின்சாரம் பாய்கிறது. அதே வழியில், கலத்துக்குள் சிறிதளவு ஹைட்ரஜனையோ ஹீலியத்தையோ விட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மின்முனைக்குச் சில நூறு வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுப்பார்கள். கலத்தின் சுவர் முழுவதும் எதிர்முனையாகிவிடும். கலம் மெல்லிய ஒளியால் நிரம்பும். இதை ஒளிர் மின்னிறக்கம் என்போம். நேர்மின் அயனிகள் எல்லாப் பக்கமும் உள்ள சுவரை நோக்கிப் பாய்ந்து, ஒட்டியிருப்பவற்றைக் கோலிக்குண்டு அடிப்பது போல அடித்துக் கிளப்பும்.

ஹைட்ரஜன் பயன்படுத்தினால் இன்னொரு நன்மை. அது அடிப்பதோடு நிற்காமல் வேதிவினையும் புரியும். ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகும், கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகும். இரண்டும் ஆவியாகவோ வாயுவாகவோ கிளம்பி எக்கிக்குப் போகும். சுவரில் கெட்டியாக ஒட்டியிருந்த அழுக்கை, உறிஞ்சி எடுக்கக்கூடிய வாயுவாக மாற்றிவிடுகிறோம். 1970களில் லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் டெய்லர் என்ற இயற்பியலாளர் இதே வேதியியலை வேறு விதமாகப் பயன்படுத்தினார். வலுவான பிளாஸ்மா வேண்டாம், குளிர்ந்த, பலவீனமான பிளாஸ்மாவைத் திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்கான முறை சிறு சிறு துடிப்புகளாக உண்டாக்கினால் சுவர் சுத்தமாகும் என்று காட்டினார். அந்த முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆதித்யாவில் இந்த இரண்டு முறைகளும் வழக்கமான வேலைகளாகவே இருந்தன. பின்னர் பழைய கலத்தைக் கழற்றிவிட்டு வட்டக் குறுக்குவெட்டுக் கொண்ட புதுக் கலத்தைப் பொருத்தினார்கள். ஆதித்யா-யு என்று பெயர் பெற்ற அந்த இயந்திரம் 2016 டிசம்பரில் முதல் பிளாஸ்மாவைத் தந்தது. அங்கே ஹைட்ரஜனோடு ஆர்கானைக் கலந்து ஒளிர் மின்னிறக்கம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆர்கான் அணுவின் நிறை 40. மோதினால் அடி பலமாக விழும். ஹைட்ரஜன் வேதிவினையைப் பார்த்துக்கொள்ளும். தொடர்ந்து இயக்குவதற்குப் பதில் விட்டு விட்டு இயக்கும் முறையையும் சோதித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. துடைக்கப் பயன்படுத்திய ஹைட்ரஜனே சுவருக்குள் புகுந்து தங்கிவிடும். அடுத்து உண்மையான பிளாஸ்மாவைப் பற்றவைக்கும்போது, ஈரப் பஞ்சை அமுக்கினால் தண்ணீர் வருவது போல, அது வெளியே வந்து பிளாஸ்மாவின் அடர்த்தியைத் தாறுமாறாக்கும். அதனால் ஹைட்ரஜனுக்குப் பிறகு ஹீலியத்தால் ஒரு முறை துடைப்பது உண்டு. ஹீலியம் யாரோடும் சேராத மந்த வாயு, வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் இருந்த பெரிய டோகாமாக்கில் 1986இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அதன் கார்பன் சுவர் டியூட்டீரியத்தை ஏராளமாகக் குடித்து வைத்திருந்தது. ஹீலியம் பிளாஸ்மாவைத் திரும்பத் திரும்ப ஓட்டி அதை வெளியேற்றிய பிறகு, அதே இயந்திரத்தில், அதே காந்தங்களோடு, பிளாஸ்மா முன்னைவிட மிக நன்றாக வெப்பத்தைத் தக்கவைத்தது. பழகிய கல்லில் தோசை வந்த கதைதான். அந்த வகைப் பிளாஸ்மாவுக்கு அவர்கள் தனிப் பெயரே வைத்தார்கள்.

சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கலத்தோடு ஒரு நிறைமாலைமானியை இணைத்திருப்பார்கள். உள்ளே மிச்சமிருக்கும் மூலக்கூறுகளை நிறை வாரியாகப் பிரித்து, எது எவ்வளவு என்று அது கோடுகளாகக் காட்டும். வேதியியலில் நீங்கள் கற்ற மூலக்கூற்று நிறை இங்கே நேரடியாக உதவும். 2 என்றால் ஹைட்ரஜன், 16 என்றால் மீத்தேன், 18 என்றால் நீர், 44 என்றால் கார்பன் டைஆக்சைடு. கலத்தைச் சூடேற்றத் தொடங்கியதும் 18ஆம் கோடு விறுவிறுவென்று ஏறும், பின் நாள் செல்லச் செல்ல இறங்கும். அது இறங்குவதைத்தான் எல்லோரும் காத்திருந்து பார்ப்பார்கள்.

28இல் ஒரு கோடு நின்றால் கொஞ்சம் துப்பறிய வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறின் நிறையும் 28, கார்பன் மோனாக்சைடின் நிறையும் 28. கார்பன் மோனாக்சைடு என்றால் சுவரில் இன்னும் அழுக்கு இருக்கிறது, துடைப்பதைத் தொடரலாம். நைட்ரஜன் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, வெளிக்காற்று நுழைகிறது, என்ன துடைத்தும் பயனில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? 40ஆம் கோட்டைப் பார்க்க வேண்டும். காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஆர்கான். 28ஓடு 40உம் 32உம் சேர்ந்து தெரிந்தால் ஓட்டைதான். பிறகு வெளிப்புறமாக ஹீலியத்தைப் பீய்ச்சிக்கொண்டே கலத்தைச் சுற்றி வருவார்கள். எந்த இடத்தில் பீய்ச்சும்போது உள்ளே 4ஆம் கோடு எழுகிறதோ, ஓட்டை அங்கே.

எண்ணெய் தடவும் கட்டம்

எவ்வளவு துடைத்தாலும் சுவர் மறுபடி அழுக்காகும். அதனால் அழுக்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பூச்சைப் பூசிவிட்டால் என்ன? 1980களில் ஜெர்மனியின் யூலிக் நகரில் இருந்த டெக்ஸ்டர் என்ற டோகாமாக்கில் இந்த வழி வளர்ந்தது. முதலில் கார்பன் படலம், பின்னர் போரான் படலம். போரான் கொண்ட வாயுவை ஒளிர் மின்னிறக்கத்தில் கலந்தால், சுவரெங்கும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள படலம் படியும். போரானுக்கு ஆக்சிஜன் என்றால் உயிர். பிடித்தால் விடாது. பிளாஸ்மாவில் ஆக்சிஜன் சட்டென்று குறையும். டி-3-டியில் போரான் பூசிய பிறகு 1991இல் அதுவரை காணாத அளவுக்கு நல்ல பிளாஸ்மா கிடைத்தது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உள்ள வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் இயந்திரத்துக்கும் 2018இல் அதே அனுபவம். ஆனால் வழக்கமாகப் பயன்படும் டைபோரேன் வாயு நச்சு, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். பூச்சு வேலை நடக்கும்போது மண்டபத்தில் ஆள் இருக்கக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் அதனால்தான்.

இன்னொரு பூச்சு லித்தியம். படிவம் நான்கில் முதலாம் தொகுதித் தனிமங்களைப் படித்தபோது, நீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும் உலோகமாகப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துடுக்குத்தனம் இங்கே வரம். ஆக்சிஜனையும் பிடிக்கும், நீரையும் பிடிக்கும், சுவரில் மோதும் ஹைட்ரஜனையும் பிடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆதித்யாவில் லித்தியம் பூசியபோது ஆக்சிஜனும் கார்பனும் குறைந்தன. சுவரிலிருந்து ஹைட்ரஜன் திரும்பி வருவதும் குறைந்தது. சீனாவின் ஹெஃபெய் நகரில் உள்ள ஈஸ்ட் டோகாமாக்கும் பல ஆண்டுகளாக லித்தியத்தை நம்பியே நீண்ட நேரப் பிளாஸ்மாக்களை ஓட்டி வந்தது. 2025 ஜனவரியில் அது 1,066 விநாடி நேரம் பிளாஸ்மாவைத் தாங்கியது. ஆதித்யாவின் பத்தில் ஒரு விநாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லித்தியத்தின் குறை என்னவென்றால், பிடித்துப் பிடித்து விரைவில் நிறைந்துவிடும். மறுபடி பூச வேண்டும்.

நம் நாட்டில் இதெல்லாம் நடந்ததா என்று கேட்பீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிங் லீ தலைமையில் 1985, 1986 ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பயிற்சித் திட்டம் ஒன்று நடந்தது. வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் கோலாலம்பூருக்கு வந்து, 'பிளாஸ்மா குவியம்' என்ற சிறிய இணைவுக் கருவியைத் தாங்களே கட்டக் கற்றுக்கொண்டு, அதைத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 30 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 15 ஆயிரம் வோல்ட். ½CV² போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 3,400 ஜூல் வரும். ஒரு மேசையைச் சுற்றி அடங்கும் கருவி. அதிலும் சுவர் தன் வேலையைக் காட்டும். கலத்தைத் திறந்து மூடினால் முதல் சில வெடிப்புகளில் பிளாஸ்மா சரியாகக் குவியாது. பழக்குவதற்காகவே சில முறை வெடிக்கவிட்டு, வாயுவை மாற்றி, பிறகுதான் அளவெடுக்கத் தொடங்குவார்கள். (மின்தேக்கியும் உயர் மின்னழுத்தமும் உயிரைப் பறிப்பவை. இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டில் எதையும் முயலாதீர்கள்.)

ஈட்டர் செய்த மாற்றம்

பிரான்சின் தெற்கே கட்டப்பட்டு வரும் ஈட்டர், உலகின் மிகப் பெரிய டோகாமாக். இந்தியாவும் அதில் ஒரு பங்காளி. இயந்திரம் முழுவதையும் உள்ளடக்கும் கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரக் குளிர்கலம் இந்தியாவின் பங்களிப்பு. ஈட்டரின் சுவரை எதனால் செய்வது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. கார்பன் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் கதிரியக்கம் கொண்ட, கிடைப்பதற்கரிய டிரிட்டியத்தைக் குடித்துவிடும். 1990களில் டிரிட்டியத்தோடு இயங்கிய இயந்திரங்களில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். அதனால் பெரிலியம் என்று முடிவானது. பிரிட்டனின் ஜெட் இயந்திரம் 2011 முதல் பெரிலியமும் டங்ஸ்டனும் கொண்ட சுவரோடு ஒத்திகை பார்த்தது. 2023இல் ஒரே துடிப்பில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளியிட்டுச் சாதனையும் படைத்தது.

ஆனால் பெரிலியத் தூசு மனித நுரையீரலுக்கு நஞ்சு, தேய்மானமும் அதிகம். 2023இல் ஈட்டர் அமைப்பு பெரிலியத்தைக் கைவிட்டு முழுச் சுவரையும் டங்ஸ்டனாக மாற்ற முன்வந்தது. டங்ஸ்டன் 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும். நல்ல உலோகம்தான். ஆனால் அதன் அணுவில் 74 எலக்ட்ரான்கள். 15 கோடி டிகிரியிலும் அத்தனையும் கழன்றுவிடாது. எரியும் பிளாஸ்மாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு டங்ஸ்டன் கலந்தாலே நெருப்பு அணையும் நிலைக்கு வந்துவிடும். போதாததற்கு, பெரிலியம் சத்தமில்லாமல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் வேலையையும் செய்து வந்தது. டங்ஸ்டன் அதைச் செய்யாது. அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே ஈட்டர் இப்போது யூலிக் நகரத்துப் பழைய வைத்தியத்துக்கே திரும்பி, போரான் பூசும் வசதியைப் புதிதாகச் சேர்க்கிறது.

அதோடும் தீரவில்லை. ஈட்டரின் காந்தங்கள் மீக்கடத்திகள். அவற்றை நினைத்த நேரத்தில் அணைத்து ஏற்ற முடியாது. காந்தப்புலம் இருக்கும்போது ஒளிர் மின்னிறக்கம் சுவரெங்கும் சீராகப் பரவாது. எனவே ஒரு பிளாஸ்மாவுக்கும் அடுத்ததற்கும் இடையில், காந்தத்தை அணைக்காமலேயே, வானொலி அலைகளால் மெல்லிய பிளாஸ்மாவை உண்டாக்கித் துடைக்கும் முறைகளைப் பல நாடுகளின் இயந்திரங்களில் சோதிக்கிறார்கள். போரான் படலம் உரிந்து எங்கே போய்ப் படியும், அதில் எவ்வளவு டிரிட்டியம் சிக்கும், சிக்கியதை எப்படி மீட்பது என்ற கணக்குகளும் நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் போடுகிறவர்களில் இயற்பியலாளர்கள் மட்டும் இல்லை. வேதியியலாளர்கள், உலோகவியலாளர்கள், வெற்றிடத் தொழில்நுட்பர்கள், கையுறை போட்டுக்கொண்டு கலத்துக்குள் இறங்கித் துடைக்கும் அந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.